மகனின் கழுத்தில் இருந்தது ஊத்தையில்லை

2023ஆம் ஆண்டின் கடைசியில் என் மகனின் பின்னங்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரியத் தொடங்கியது. வெயிலும் வியர்வையும் பாடசாலை வேனின் புழுதியும் சேர்ந்த ஊத்தை என்றுதான் நான் நினைத்தேன். குளிக்கவார்க்கும்போது தும்பால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. தேசிக்காயைப் பாதியாக வெட்டி உப்பில் தொட்டுத் தேய்த்தேன், அதற்கும் போகவில்லை. "அம்மா, எரியுது" என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டு அழுதபோதும், "வடிவாத் தேய்ச்சுக் குளிச்சா எனக்கேன் இந்த வேலை" என்று ஏசினேனே தவிரக் கையை நிறுத்தவில்லை. அந்தத் தோல் சற்றுத் தடித்து வெல்வெட் துணியைப்போல மெத்தென்று இருந்ததை என் விரல் உணர்ந்தது. ஆனாலும் யாரிடமாவது காட்டிக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாதங்கள் கழித்து ஒரு வைத்தியர் அவனுடைய சட்டைக் கொலரை விலக்கிப் பார்த்த உடனேயே, இது ஊத்தையில்லை, உடலில் இன்சுலின் தேவைக்கு மேல் சுரப்பதைத் தோல் காட்டுகிறது, இப்படியே விட்டால் நீரிழிவில் கொண்டுபோய் விடலாம் என்று சொன்னார். வைத்தியர்கள் அதனை அகந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்று அழைக்கிறார்கள். கழுத்தில் மட்டுமன்றி அக்குளிலும் அது வரும். உடல் பருத்த பிள்ளையின் கழுத்து இப்படிக் கறுத்திருந்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள், வைத்தியரிடம் காட்டுங்கள். இந்த ஒரு வார்த்தையை அன்று எவராவது எனக்குச் சொல்லியிருந்தால் எட்டு மாதங்களும் ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாயும் மிஞ்சியிருக்கும். அவன் அழுத அழுகையும் இருந்திராது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் வசிக்கிறோம். கணவர் டோஹாவில் வேலை செய்கிறார், வருடத்தில் ஒருமுறை வருவார். நான் புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வீட்டில் மகனுடன் பகல் முழுவதும் இருப்பவர் என் அம்மா. மகன் சிறுவயதில் மெலிந்த பிள்ளை; ஒவ்வொரு கவளத்துக்கும் கதை சொல்லித்தான் ஊட்டவேண்டியிருந்தது. 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு ஊரடங்கு வந்தபோது அவனுக்கு ஆறு வயது. ஓடி விளையாட முற்றமில்லாத வீட்டில் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் விசுக்கோத்துப் பைக்கற்றுமாக அவன் இரண்டு வருடங்களைக் கழித்தான். மெலிந்த பிள்ளையின் கன்னம் நிறையத் தொடங்கியபோது நாங்கள் மகிழ்ந்தோம். கண்ணூறு படுமென்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார்.

பாடசாலையில் முதலாம், நான்காம், ஏழாம், பத்தாம் தரங்களில் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலிருந்து வந்து பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பார்ப்பார்கள். நான்காம் தரத்தில் அப்படிப் பார்த்தபோது, உயரத்துக்கேற்ற எடையைவிட அதிகம், வைத்தியரைச் சந்திக்கவும் என்ற துண்டு ஒன்று அவனுடைய புத்தகப் பையில் வந்தது. அதை நான் மின்சாரக் கட்டணச் சிட்டையோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன், அது அங்கேயே கிடந்தது. பிள்ளை பிறந்தபோது தந்த சிறுவர் சுகாதார விருத்திப் பதிவேட்டையும் கடைசித் தடுப்பூசிக்குப் பிறகு நான் திறக்கவில்லை. பிற்பாடு கிளினிக்கில் அதை விரித்து வைத்துப் புள்ளிகளைக் குறித்தபோது, ஆறு வயதுக்குப் பிறகு எடைக்கோடு மட்டும் மேலே மேலே ஏறிச் சென்றது பளிச்சென்று தெரிந்தது. கண்ணால் பார்த்து ஒரு பிள்ளை பருமனா இல்லையா என்று நாம் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் நாளாந்தம் பார்க்கும் முகத்தில் மாற்றம் தெரிவதில்லை. வருடத்தில் இரண்டு தடவையாவது உயரத்தையும் எடையையும் அளந்து திகதியோடு எழுதி வையுங்கள். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடற்திணிவுச் சுட்டி வரும். ஆனால் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் 23, 25 என்ற எல்லைகளைப் பிள்ளைக்குப் பொருத்திப் பார்த்து ஆறுதல் அடையக்கூடாது. பிள்ளைகளுக்கு வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ப எல்லை மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி பத்து வயது ஆண் பிள்ளைக்கு 18.5க்கு மேல் போனாலே அதிக எடை, 21.4க்கு மேல் போனால் உடற்பருமன். என் மகனின் சுட்டி அப்போது 25ஐத் தாண்டியிருந்தது.

ஐந்தாம் தரத்துக்குப் போனதும் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புகள் தொடங்கின. பாடசாலை விட்டு வந்து, சீருடையை மாற்றிக்கொண்டு, மூன்று மணிக்கு ரியூசனுக்குப் போனால் ஆறரைக்குத்தான் திரும்புவான். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் சந்திக் கடையில் ஒரு ரோல்ஸும் ஒரு பால் பைக்கற்றும் அவனுக்குக் கிடைக்கும். அந்தச் சமயத்தில்தான் ஒரு திருமண வீட்டில் உறவினர் ஒருவர் எல்லார் முன்னிலையிலும் அவனுடைய வயிற்றில் தட்டிச் சிரித்தார். அந்த அவமானத்தில் நான் எடுத்த முடிவுகள்தான் எல்லாத் தவறுகளுக்கும் காரணம். பிள்ளையின் உடல்நலத்தை நினைத்து எடுத்த முடிவு அது என்று அப்போது சொல்லிக்கொண்டாலும், ஊரார் வாயை மூடவேண்டும் என்ற அவசரமே எனக்குள் இருந்தது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பிள்ளைகளின் எடையை மூன்று மாதத்தில் குறைப்பதாக விளம்பரம் செய்த ஒரு தனியார் நிலையத்தில் 65,000 ரூபாய் முற்பணமாகக் கட்டினேன். அங்கே இருந்தவர் வைத்தியருமில்லை, பதிவு பெற்ற போசணையியலாளருமில்லை என்பதை விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. அவர் தந்த அட்டவணையில் காலையில் ஓட்ஸ், பகலில் அவித்த ப்ரொக்கோலி, இரவில் ரின்னில் வரும் ஒரு மாவைக் கரைத்த பானம். அந்த மா ரின் ஒன்று 11,500 ரூபாய். இரண்டு ரின் வாங்கினேன். நானும் அம்மாவும் பிட்டும் மீன்குழம்பும் சாப்பிடும் மேசையில் அவனுக்கு மட்டும் ஒரு கோப்பை வைக்கப்பட்டது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிள்ளைகளின் எடையைப் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். முதல் மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது, குழுவில் கைதட்டினார்கள், நானும் பெருமைப்பட்டேன். ஆறாம் வாரத்தில் காலைக் கூட்டத்தில் நின்ற பிள்ளை தலைசுற்றி விழுந்துவிட்டான் என்று பாடசாலையிலிருந்து அழைத்தார்கள். நிறுத்திய இரண்டு மாதத்துக்குள் மூன்று கிலோ ஐந்து கிலோவாகத் திரும்பி வந்தது.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய படிக்கும் மேசையை இழுத்துக் கூட்டினேன். மேசைக்கும் சுவருக்கும் இடையிலிருந்து முதலில் ஒரு ரொபித் தாள் வந்தது. பிறகு கைநிறைய வந்தது. கணித மாதிரி வினாத்தாள்கள் வைக்கும் கோப்புக்குள், தாளுக்குத் தாள் நடுவில், பால் பைக்கற்றுகளைத் தட்டையாக நசித்துச் செருகியிருந்தான். ஒரு பைக்கற்றின் மூலையிலிருந்து கசிந்த சொக்கிளேற் பால் பின்னங்களின் மேல் காய்ந்து ஒட்டியிருந்தது. நான் அந்தக் கோப்பைப் பிடித்தபடி நின்றபோது அவன் கதவருகில் வந்து நின்றான். நான் ஏசுவேன் என்று காத்திருந்தவன், நான் எதுவும் பேசாமல் நின்றதைக் கண்டு, "பசிக்குதம்மா. சொன்னா ஏசுவீங்கள்" என்றான். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டில் பசிக்கிறது என்று சொல்லப் பயம் வந்திருந்தது. அந்தப் பயத்தை உண்டாக்கியது நான்தான். கட்டுப்படுத்தினால் பிள்ளை ஒளித்துச் சாப்பிடும், ஒளித்துச் சாப்பிடும்போது அவசர அவசரமாக, வயிறு நிறைவது தெரியாமல் சாப்பிடும். இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை என்று பின்னர் கிளினிக்கில் காத்திருந்த தாய்மாரிடம் பேசியபோது அறிந்தேன். ஒளித்து வைத்ததை நீங்கள் கண்டால் பிள்ளையைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டாம். அது பிள்ளைக்குப் பசி இருக்கிறது, அல்லது மனதில் ஏதோ இருக்கிறது என்று வீட்டுக்குக் கிடைத்த செய்தி.

அதற்குப் பிறகும் நான் நேர்வழிக்கு வரவில்லை. தைரொயிட்டாக இருக்கும் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னதை நம்பி, வைத்தியரைக் கேட்காமலே தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனைகளைச் செய்வித்தேன். எல்லாம் சேர்த்து 17,400 ரூபாய். தைரொயிட் சரியாகவே இருந்தது. ஹோர்மோன் குறைபாட்டால் பருக்கும் பிள்ளை பெரும்பாலும் உயரத்தில் பின்தங்கும். என் மகனோ வகுப்பில் கடைசி வரிசையில் நிற்கும் உயரம். அந்த ஒரு விடயத்தை அறிந்திருந்தால் அப்பரிசோதனையை யோசித்தே செய்திருக்கலாம் என்று வைத்தியர் பின்னர் விளக்கினார். ஆனால் அதே அறிக்கையில் ஈரலுக்கான ஒரு பரிசோதனையில், மேல் எல்லை 40 என்று அச்சிட்டிருந்த இடத்தில் 68 என்று இருந்தது. அதைக் கண்டுதான் எங்கள் குடும்ப வைத்தியரிடம் ஓடினேன். அவர் கழுத்தையும் பார்த்தார், ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கலாம் என்றார், அரசாங்க வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தந்தார். பொரளையில் சிறுவர்களுக்கென்றே சீமாட்டி ரிட்ஜ்வே வைத்தியசாலை இருப்பது கொழும்பில் வாழும் எவருக்கும் தெரியும், அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்பதும் தெரியும். ஆனால் உடல் பருமனுக்காகவும் பிள்ளையைச் சிறுவர் வைத்தியரிடம் கொண்டுபோகலாம் என்ற எண்ணம், 1,05,400 ரூபாயைச் செலவழித்த பிறகுதான் எனக்கு வந்தது.

2024 ஓகஸ்டில் காலை ஆறரைக்கே போய் இலக்கம் எடுத்தோம். உயரம் 142 சென்ரிமீற்றர், எடை 51 கிலோ. இரத்த அழுத்தத்தையும் இடுப்புச் சுற்றளவையும் எடுத்தார்கள். வைத்தியர் சிங்களத்தில் பேசினார், விளங்காத இடங்களில் நான் கூச்சப்படாமல் மறுபடி கேட்டேன், அவரும் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார். மகன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்பார் என எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் வீட்டில் எல்லாரும் என்ன சாப்பிடுகிறீர்கள், எங்கே இருந்து சாப்பிடுகிறீர்கள், யார் சமைக்கிறார்கள், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், தாத்தா பாட்டிமாருக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா என்று கேட்டார். பிறகு, எடையைக் குறைக்க வேண்டாம், ஒரு வருடத்துக்கு எடை கூடாமல் பார்த்துக்கொண்டால் போதும், வளரும் உயரம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்றார். பிள்ளைக்குத் தனிச் சமையல் கூடாது, வீடு முழுவதும் ஒரே சாப்பாடு என்பதையும் அழுத்திச் சொன்னார். எங்கும் கேட்காத இந்த இரண்டு வார்த்தைகளையும் கேட்டு, வெளியில் வந்து வாங்கில் இருந்து நான் அழுதுவிட்டேன். மகன் என் கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் தந்தான்.

அம்மாவை எப்படிச் சமாளிப்பது என்ற கவலை எனக்கு இருந்தது. அவருக்கு இருபது வருடமாகச் சீனி வருத்தம், இரவில் இன்சுலின் ஊசி போடுகிறார். ஆனாலும், "வளருற பிள்ளை, சாப்பிடட்டும், உன்ரை வாயாலை குண்டு எண்டு சொல்லாதை" என்று எனக்குத் தெரியாமல் அவனுக்கு மால்ற் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். காலையில் ஒன்று, பாடசாலை விட்டு வந்ததும் ஒன்று, படுக்குமுன் ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டிச் சீனி. அன்று வீட்டுக்கு வந்து, அவனுடைய கழுத்தைக் காட்டி, "அம்மா, இதுதான் உங்களுக்கு இருக்கிற வருத்தத்தின் தொடக்கமாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. தன் விரலால் அந்தக் கறுப்பைத் தடவிப் பார்த்தார். மறுநாள் காலையில் மேசையிலிருந்த சீனிப் போத்தலைக் காணவில்லை; அவரே அதை எடுத்து மேல் தட்டில் வைத்திருந்தார். வீட்டில் மூத்தவர்களோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை என்பது என் அனுபவம். அவர்களுடைய அன்புக்கு வேறு வழி காட்டவேண்டும். கிளினிக்குக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், வைத்தியர் சொல்வதை அவர்கள் நேரில் கேட்பது நாம் வந்து நூறு தடவை சொல்வதற்குச் சமம்.

சீனியை ஒரே நாளில் நிறுத்தவில்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை அரைத் தேக்கரண்டி குறைத்தோம். மூன்று கரண்டி ஒன்றாகக் குறைய இரண்டு மாதங்கள் எடுத்தன, அவன் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. ஒரு தேக்கரண்டியை ஐந்து கிராம் என்று வைத்தால், முன்பு அந்த மூன்று கோப்பைகளில் மட்டும் 45 கிராம் சீனி போயிருக்கிறது. அவன் வயதுப் பிள்ளைக்கு ஒருநாளுக்குத் தேவைப்படும் சக்தியில் பத்து வீதத்துக்கு மேல் சீனியிலிருந்து வரக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஏறத்தாழ அந்த 45 கிராம்தான். அதற்கு மேலேதான் பால் பைக்கற்றும் சோடாவும் விசுக்கோத்தும். இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து இனிப்புக் குடிபானங்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்டவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் குறைவென்றால் பச்சை. மஞ்சள் என்றால் பரவாயில்லை என்று நானும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த நிறம் 100 மில்லிலீற்றருக்கான கணக்கு, நம் பிள்ளை குடிப்பதோ முழுப் போத்தல். 100இல் 10 கிராம் உள்ள ஒரு மஞ்சள் பானத்தை 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டிச் சீனி வயிற்றுக்குள் போகிறது. கடையில் நின்று நிறத்தைப் பார்த்தபின் போத்தலின் அளவையும் பார்த்துப் பெருக்குங்கள். பழச்சாறும் இதற்கு விதிவிலக்கில்லை. தோடம்பழத்தைப் பிழியாமல் சுளையாகக் கொடுத்தோம்.

பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் என்ன விற்கலாம் என்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. ஆனால் வாயிலுக்கு வெளியே நிற்கும் வண்டிக்கும் ரியூசன் சந்திக் கடைக்கும் அது பொருந்தாது. எனவே அவனுக்குப் பசி வரும் நேரத்தைப் பிடிப்பதுதான் ஒரே வழி என்று கண்டுகொண்டோம். பாடசாலை முடிந்து வீட்டுக்கு வரும் ஒன்றே முக்காலுக்கு முன்பு தேநீரும் விசுக்கோத்துமாகச் சமாளித்துவிட்டு, சோற்றை இரவுக்குத் தள்ளி வைத்திருந்தோம். வகுப்புக்கு நேரமாகிவிடும் என்ற அவசரம். இப்போது இரண்டு மணிக்கு முழுச் சாப்பாடு, இருந்து சாப்பிட இருபது நிமிடம். ரியூசன் பையில் ஒரு சிறு பெட்டி போகும். அதில் அவித்த கௌப்பியோ கடலையோ தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தது, அல்லது அவித்த முட்டை, அல்லது உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கொய்யா. இந்தக் கொய்யாவுக்கு அவனுடைய நண்பர்கள் வரிசையில் நின்றார்களாம். ரோல்ஸை நாங்கள் முற்றாகத் தடை செய்யவில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு ரோல்ஸ் அவனுக்கு உண்டு, அதை அவனே போய், அவனே தெரிந்து வாங்குவான். கிழமையில் ஒருநாள் நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு ஒளித்து வாங்குவது நின்றது. பிள்ளையார் கோவில் மோதகத்துக்கும் சர்க்கரைப் புக்கைக்கும் எந்தத் தடையும் வைக்கவில்லை. கோவிலிலும் பிறந்தநாள் வீட்டிலும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தால் அங்கே நிற்கும் எல்லாருடைய கண்ணும் அவன்மேல் விழும், அதைவிட ஒரு மோதகம் பெரிய கேடில்லை.

வீட்டுச் சாப்பாட்டில் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. கிளினிக் தாதி ஒரு தாளில் வட்டம் கீறிக் காட்டினார்: தட்டின் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு அல்லது இடியப்பம், கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ. எங்கள் தட்டில் அதுவரை முக்கால்வாசி சோறாக இருந்தது. கத்தரிக்காய்க் கறி ஓரத்தில் ஊறுகாய் அளவுக்கு. சோற்றை அளந்து வைத்தால் பிள்ளை கவலைப்படும் என்பதால் மரக்கறியை முதலில் மேசைக்குக் கொண்டுவந்தோம். பசியோடு இருக்கும்போது முன்னால் இருக்கும் பயற்றங்காய்ப் பிரட்டலும் வல்லாரைச் சம்பலும் தானாகவே உள்ளே போயின. என்ன சமைப்பது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதை நான் தீர்மானிப்பேன். எவ்வளவு சாப்பிடுவது என்பதை அவன் தீர்மானிப்பான். இன்னும் வேண்டுமென்றால் கேட்கலாம், போதுமென்றால் தட்டில் மிச்சம் வைக்கலாம். மிச்சம் வைக்காதே என்று வளர்க்கப்பட்ட எனக்கும் அம்மாவுக்கும் இதுதான் மிகக் கடினமாக இருந்தது. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு மேசையில் இருந்து சாப்பிட்டோம். சில முயற்சிகள் பிழைத்தன. சிவப்பரிசியை முழுதாக மாற்றிய முதல் கிழமை மூவருமே அரைவயிறாக எழும்பினோம். பிறகு வெள்ளையும் சிவப்பும் கலந்து, மெல்ல மெல்லச் சிவப்பைக் கூட்டினேன். பச்சைக் காய்கறி சலாட்டை இன்றுவரை அவன் தொடுவதில்லை, விட்டுவிட்டேன். சுண்டலாகச் செய்த கீரையைச் சாப்பிடுகிறான், அது போதும்.

நீச்சல் வகுப்புக்கு 24,000 ரூபாய் கட்டியது என் கடைசிப் பெரிய இழப்பு. இரண்டு நாள் போனான், மூன்றாம் நாள் வயிற்றுவலி என்றான். சேட்டைக் கழற்ற வெட்கம் என்பதைச் சொல்ல அவனுக்கு மூன்று கிழமை எடுத்தது. பணம் கட்டுமுன் பிள்ளையைக் கேளுங்கள், முடிந்தால் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அதற்குப் பிறகு மாலையில் மரின் டிரைவில் கடலோரமாக நடக்கத் தொடங்கினோம். வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிப் பக்கமாகப் போய்த் திரும்புவோம். ரயில் போகும்போது நின்று பெட்டிகளை எண்ணுவோம். பரீட்சை முடிந்த பிறகு சைக்கிளும் கிரிக்கெட்டும் சேர்ந்தன. பிள்ளைகள் நாளுக்கு அறுபது நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாடவேண்டும் என்பார்கள். எங்களுக்கு அது பாதியாக இருந்த நாட்களே அதிகம். நடையின்போது எடையைப் பற்றிப் பேசுவதில்லை என்று நான் எனக்கே ஒரு விதி வைத்தேன். அந்த அரை மணித்தியாலத்தில்தான் பாடசாலையில் அவனை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்பதை அவன் எனக்குச் சொன்னான். வகுப்பாசிரியையைத் தனியே சந்தித்துப் பேசினேன், அவர் அதை நல்ல முறையில் நிறுத்தினார். தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இரவு பத்தரைக்குப் படுத்து ஐந்தேகாலுக்கு எழும்பிய பிள்ளைக்கு ஏழு மணித்தியாலமும் கிடைக்கவில்லை. அந்த வயதுக்கு ஒன்பதாவது வேண்டும், தூக்கம் குறைந்தால் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். ஒரு ரியூசன் வகுப்பை நிறுத்தினேன். புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு ஒன்பது புள்ளிகள் குறைந்தன. அந்த வகுப்பை நிறுத்தியதற்காக நான் வருந்தவில்லை.

உறவினர்களுக்கு என்ன சொல்வது என்பதையும் பழகவேண்டியிருந்தது. யாராவது அவன் முன்னால் உடம்பைப் பற்றித் தொடங்கினால், "அவர் வளருறார் மாமி, நாங்கள் உடம்பைப் பற்றிக் கதைக்கிறதில்லை" என்று சிரித்தபடி சொல்லி, பேச்சை அவனுடைய கிரிக்கெட்டுக்குக் கொண்டுபோவேன். மெலிந்துவிட்டான் என்று புகழ்ந்தாலும் அதையே சொல்வேன். கணவரும் காணொளி அழைப்பில் "எத்தனை கிலோ?" என்று கேட்பதை நிறுத்தி, "இண்டைக்கு எங்கை நடந்தீங்கள்?" என்று கேட்கத் தொடங்கினார். வீட்டிலிருந்த தராசைக் கீழ்மாடி அயலவருக்குக் கொடுத்துவிட்டேன். எடை பார்ப்பது கிளினிக்கில் மட்டும்.

2025 ஒக்ரோபரில், பதினான்கு மாதங்களுக்குப் பிறகு, உயரம் 149 சென்ரிமீற்றர், எடை 50.5 கிலோ. எடை அரைக் கிலோதான் குறைந்திருக்கிறது. உடற்திணிவுச் சுட்டி 25.3இலிருந்து 22.7க்கு இறங்கியிருக்கிறது. கழுத்துக் கறுப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் வெளிறிவிட்டது. தொட்டால் பழைய தடிப்பு இல்லை. ஈரல் பரிசோதனை 46இல் நிற்கிறது, இன்னும் இறங்கவேண்டும். அடுத்த முறை வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டுமாம். அந்தத் துண்டு இம்முறை குளிர்சாதனப் பெட்டியின் மேல் போகவில்லை, என் கைப்பையில் அவனுடைய பதிவேட்டுக்குள் இருக்கிறது. அன்று இரத்தம் கொடுத்து முடிந்ததும் சாப்பிட என்ன கொண்டுபோவது என்று கேட்டேன். இடியப்பமும் சொதியும் கட்டித் தரும்படி அம்மம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டானாம்.